அனஸ்தீஷியா மெஷினில் இரண்டு கசிவுகள்

ராயபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. காலைச் சோதனையில் அனஸ்தீஷியா மெஷினின் சர்க்யூட்டில், அதாவது நோயாளிக்குக் கேஸ் போய்வரும் குழாய்த் தொடரில், அழுத்தம் நிற்கவில்லை. சோதனை தெரிந்ததுதான்: கேஸ் ஃப்ளோ எல்லாம் மூடி, ஏபிஎல் வால்வை (அதிக அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) இறுக்கி, ஒய்-பீஸை (நோயாளி பக்கத்தில் இரு குழாய்களும் சேரும் முனை) விரலால் அடைத்து, ஆக்சிஜன் ஃப்ளஷ் பொத்தானை அழுத்தி ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தி, 30 செ.மீ. நீர் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். குறைந்தது 10 விநாடி அழுத்தமானியின் முள் அசையக்கூடாது. இங்கே மடமடவென்று இறங்கியது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது சோடா லைம் (நோயாளி விடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் குருணை) டப்பாவை. கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையத்தில் ஒரேயொரு குருணை. துடைத்து மாட்டினேன், முள் நின்றது.

அதோடு விடக்கூடாது. கேஸ் வெளிவரும் இடத்தில் ஒருவழி வால்வு உள்ள பழைய மெஷின்களில், வேப்பரைசர் (திரவ மயக்க மருந்தை ஆவியாக்கிக் கேஸில் கலக்கும் கருவி) பக்கத்துக் கசிவை இந்தச் சோதனை காட்டவே காட்டாது. மெஷினை அணைத்து, ஃப்ளோ வால்வுகளை மூடி, அந்த வெளிவாயில் உறிஞ்சு பல்பை (அமுக்கி விட்டால் காற்றை உறிஞ்சும் ரப்பர் உருண்டை) மாட்டிச் சப்பையாகும்வரை அமுக்குங்கள். 10 விநாடி அப்படியே இருக்க வேண்டும். வேப்பரைசர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து வைத்தும் பார்க்க வேண்டும். பலர் தவிர்ப்பது இதைத்தான். மூடியிருந்தபோது பல்ப் சப்பையாகவே கிடந்தது. செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தின் வேப்பரைசரைத் திறந்ததும் உப்பிவிட்டது. மருந்து ஊற்றும் மூடி சரியாகத் திருகப்படவில்லை, அவ்வளவுதான். கவனிக்காவிட்டால் நோயாளிக்கு மயக்கம் போதாமல் போகும்.

சர்க்யூட் சோதனை முடிந்ததும் அழுத்தத்தை ஏபிஎல் வால்வு வழியாக இறக்குங்கள். ஒய்-பீஸிலிருந்து விரலைச் சட்டென்று எடுத்தால் சோடா லைம் தூசி குழாய்க்குள் வரும்; வால்வும் மூடியபடியே மறந்துபோகும்.