மாதவிடாய் நின்றவர்களுக்கு ராகிக் கூழ்: கால்சியம் உடம்பில் ஒட்ட ஒரு செய்முறை

போன வருடம் அம்மா வாசலில் வழுக்கி விழுந்து கையை ஊன்றினார். மணிக்கட்டில் விரிசல். "தெனமும் பால் குடிக்கறனே கண்ணு, அப்புறமும் ஏன்?" என்று கேட்டார். வாயில் போவதெல்லாம் எலும்புக்குப் போய்ச் சேர்வதில்லை. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. குடல் கால்சியத்தை இழுத்துக்கொள்வதும் அதோடு குறைகிறது. அதனால்தான் இந்த வயதுப் பெண்களுக்குத் தினம் 1200 மில்லிகிராம் வேண்டும் என்கிறார்கள்.

இங்கேதான் ப்ரீபயாடிக் நார் உதவுகிறது. அது நமக்குச் செரிக்காது. பெருங்குடல் வரை அப்படியே போய், அங்குள்ள நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. அவை அதைப் புளிக்க வைக்கும்போது அமிலம் உண்டாகி, கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து உடம்பில் ஏறுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தினம் 10 கிராம் இன்யூலின் வகை ப்ரீபயாடிக் நாரை ஆறு வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் இரண்டும் கூடுதலாக ஏறின. அது பிரித்தெடுத்த தூள். சாப்பாட்டில் அவ்வளவு வராது. இருந்தாலும் நம் சின்ன வெங்காயத்தில் அதே வகை நார் இருக்கிறது. நான் தூளை வாங்கச் சொல்ல மாட்டேன், கூழைத்தான் சொல்வேன்.

முதல் படி: இரண்டு பேருக்கு 100 கிராம் ராகி மாவை நீர்க்கக் கரைத்து, இரவு முழுக்க மூடி வையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். ராகியில் கால்சியம் நிறைய, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு. ஆனால் அதை உடம்பில் ஏறவிடாமல் பிடித்து வைக்கும் ஃபைடேட் என்ற பொருளும் உண்டு. புளித்தால் அது குறையும்.

இரண்டாவது: காலையில் ஒரு பிடி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றி, அடுப்பைத் தணித்துக் கைவிடாமல் கிளறுங்கள். நிறம் கறுத்துப் பளபளக்கும். கையை நனைத்துத் தொட்டால் மாவு விரலில் ஒட்டக் கூடாது. அம்மா கண்ணால் பார்த்து இறக்குவதே இல்லை, தொட்டுப் பார்த்துத்தான்.

மூன்றாவது: போசியில் மூடி ஆறவிட்டு மறுநாள் கரையுங்கள். ஆறிய மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத மாவாக மாறி, அதுவும் பாக்டீரியாவுக்குத் தீனியாகும். மோர், உப்பு சேர்த்து, பச்சைச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடியுங்கள். முதல் வாரம் இரண்டு வெங்காயம் போதும். எடுத்தவுடன் கூட்டினால் வயிறு உப்பும். பிறகு ஐந்தாறு வரை போகலாம். முளைகட்டிய கொள்ளுச் சுண்டலை வாரம் இரண்டு நாள் சேர்த்தால் இன்னும் நல்லது.

கூழ் குடித்தபின் டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், அது இரும்புச்சத்து உடம்பில் ஏறுவதைத் தடுக்கும். டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சரி, கடைசிப் படி வெயில். வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் சரியாக ஏறாது. அம்மா கூழைக் குடித்துப் போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பத்து மணி வெயிலில் எருமைக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விடுவார்.