பினாங்கில் சீன அரசியல், சமூகம் குறித்த பொது உரையைத் தமிழில் நடத்துவது எப்படி

சீனாவைப் பற்றிய உரைநிகழ்ச்சி பெரும்பாலும் தலைப்பிலேயே தடம் மாறிவிடுகிறது. ‘இன்றைய சீனா’ என்று அழைப்பிதழில் போட்டால், பேச்சாளர் பெருஞ்சுவரில் தொடங்கி மின்சாரக் கார் வரை தொட்டுச் செல்வார். வந்தவர்களோ ஏற்கெனவே புலனத்தில் படித்ததையே மீண்டும் கேட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே ஒரே ஒரு கேள்வியைத் தலைப்பாக வையுங்கள். கேட்க வருபவர்களின் வாழ்க்கையோடு அது எங்கேனும் ஒட்டுவது நல்லது.

எடுத்துக்காட்டாக, ‘ஹூகோவ்’ எனப்படும் குடும்பப் பதிவு முறையை எடுத்துக்கொள்ளலாம். 1958இல் சட்டமான இம்முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவூர் உண்டு. வேலைக்காகப் பெருநகரம் செல்லும் கிராமத்துத் தொழிலாளிக்கு அங்கே பிள்ளையின் படிப்பு, மருத்துவம் போன்றவற்றில் நகரத்தாருக்குரிய உரிமைகள் எளிதில் கிடைப்பதில்லை. ‘காவ்காவ்’ என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுத அந்தப் பிள்ளை பெரும்பாலும் பதிவூருக்கே திரும்ப வேண்டியிருப்பதால், பெற்றோர் நகரத்திலும் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடமுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்கள் ஏராளம். சிறு நகரங்களில் விதிகள் தளர்ந்துவிட்டன. பெய்ஜிங், ஷாங்காய் போன்ற இடங்களில் இன்னும் கடுமைதான். நான் உதவிய ஒரு கூட்டத்தில், ரப்பர்த் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலின்போது பட்டர்வொர்த்துக்குக் குடிபெயர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “பிள்ளைக்கு அங்க பள்ளிக்கூடம் இல்லேன்னா அப்பன் எதுக்கு அங்க போறான்?” என்று கேட்டார். கூலி வேறுபாட்டைப் பற்றிப் பேச்சாளர் அவருக்குச் சொன்ன பதில்தான், தயாரித்து வந்த உரையைவிட அன்று அரங்கை அதிகமாகக் கட்டிப்போட்டது.

நிகழ்ச்சி சீன நாட்டைப் பற்றியது, மலேசியச் சீனர்களைப் பற்றியதன்று என்பதை நெறியாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக நம் அண்டை வீட்டாராக இருக்கும் குடிமக்களைப் பெய்ஜிங்கின் முடிவுகளுக்குப் பொறுப்பாளிகள் ஆக்குவது அநீதி. உள்ளூர்த் தேர்தல் மனக்குறைகள் நுழைந்துவிட்டால் பேச்சு திரும்பி வராது என்பதையும் கண்டிருக்கிறேன். கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கினால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்; கூச்சப்படும் பெண்களும் மாணவர்களும் கேட்பதற்கும் அதுவே வழி.

நுழைவாயிலில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அதில் மூன்று அமைப்புகளை விளக்கினால் போதும். கம்யூனிஸ்ட் கட்சியின் பேராளர் மாநாடு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடுகிறது. இருபதாவது மாநாடு 2022 அக்டோபரில் நடந்தது. நாட்டின் நாடாளுமன்றமான, ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட தேசிய மக்கள் பேரவை வழக்கமாக ஆண்டுதோறும் மார்ச்சில் கூடுகிறது. கட்சியின் அரசியல் தலைமைக்குழுவில் (பொலிட்பீரோ) ஏழு பேர் கொண்ட நிலைக்குழுவே அதிகாரத்தின் உச்சி. முதல் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதால், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மார்ச் கூட்டத்தில்தான் தலைமையே முடிவாகிறது என்று எண்ணிவிடுகிறார்கள். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னே வரும் என்பதையும், ஷி ஜின்பிங்கில் ‘ஷி’யே குடும்பப் பெயர் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

பேச்சாளர் ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசுபவராக இருந்தால், பத்தி பத்தியாக மொழிபெயர்க்கும்போது நேரம் இரட்டிக்கும் என்பதால் 25 நிமிட உரைதான் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் ஒரு வாரம் முன்னதாகவே உரைக்குறிப்பைப் பெற்று, கலைச்சொற்களைத் தமிழில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். சீனப் புத்தாண்டையும் தைப்பூசத்தையும் ஒட்டிய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பினாங்கில் நடத்துவோருக்கு ஒரு தனி வாய்ப்பும் உண்டு. 1910இல் சீன மன்னராட்சிக்கு எதிரான புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் தம் புரட்சிக் கழகத்தின் தென்கிழக்காசியத் தலைமையகத்தை இங்கே மாற்றி, 1911 குவாங்சோ கிளர்ச்சிக்கு இங்கிருந்தே திட்டமிட்டார். ஆர்மேனியன் சாலை 120ஆம் எண் கடைவீடு இன்று அவர் நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். கூட்டத்தை அங்கே அழைத்துச் செல்வதென்றால் திறப்பு நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, உரையைக் காலையில் வையுங்கள்; கடைவீடு ஒடுங்கலானது என்பதால் பதினைந்து பதினைந்து பேராக உள்ளே அனுப்புங்கள்.