ஈஸ்டர் தவணை: இங்கிலாந்தில் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவோருக்கு

இங்கிலாந்தின் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர். பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, இடம் கிடைத்தது என்று சேர்ந்த சைவக் குடும்பங்களும் உண்டு. கிறிஸ்துமஸ் வரை சிக்கலில்லாமல் ஓடிவிடும். பெப்ரவரியில், ஈஸ்டருக்கு ஆயத்தமாகும் தவக்காலம் நெருங்கும்போதுதான் பள்ளியிலிருந்து வரும் செய்திகள் கூடும், அவற்றில் பாதி புரியாமலும் போகும். வகுப்பே வண்ண உடுப்பில் நிற்க, ஒரு பிள்ளை மட்டும் சீருடையில் நிற்கும். அது பெரும்பாலும் புதிதாக வந்த வீட்டுப் பிள்ளை. அப்படி ஒரு பிள்ளை தனித்து நிற்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

தேதிகள்

இயேசு உயிர்த்தெழுந்த திருநாளான ஈஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் நகரும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது திருச்சபையின் கணக்கு. ஆகவே மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2027இல் மார்ச் 28. 2028இல் ஏப்ரல் 16. ஈஸ்டருக்கு 46 நாள் முந்திய புதன்கிழமைதான் விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். ஈஸ்டருக்கு முந்திய பெரிய வெள்ளியும் (இயேசு சிலுவையில் இறந்த நாள்) ஈஸ்டருக்கு மறுநாள் வரும் திங்களும் நாடு முழுக்க விடுமுறை.

கவுன்சில் இணையத்தளத்தில் தவணைத் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கவுன்சில் தேதி கவுன்சில் பள்ளிகளுக்குத்தான் உறுதி. கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ‘வாலண்டரி எய்டட்’ வகை (அரசு நிதியில் நடந்தாலும் திருச்சபை சார்ந்த நிர்வாகம்) அல்லது அகாடமி (கவுன்சில் நிர்வாகத்துக்கு வெளியே உள்ளது). இவை தங்கள் தேதியைத் தாங்களே முடிவுசெய்யலாம். மூத்த பிள்ளை வேறு பள்ளியில் படித்தால் இரண்டு விடுமுறையும் ஒரே வாரத்தில் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளியின் சொந்தத் தளத்தில் உள்ள பட்டியலை எடுத்து, ‘இன்செட் டே’ என்று குறித்த நாட்களையும் சேர்த்து வட்டமிடுங்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் பள்ளி நடக்கும் நாள் அது. வழக்கமாக ஆண்டுக்கு ஐந்து. விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மூடிய கேற்றின் முன் நிற்பது இதைக் கவனிக்காததால்தான்.

2027இல் இன்னொன்று: ஈஸ்டர் ஞாயிறன்று அதிகாலை 1 மணிக்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், சுவர்க் கடிகாரம் மாறாது. அதை நம்பிப் புறப்பட்டால் பூசை முடிகிற நேரத்தில் போய்ச் சேருவீர்கள்.

தவக்காலத்தில் பள்ளி

விபூதிப் புதனன்று பிள்ளை நெற்றியில் கரிய சிலுவைக் குறியோடு வீட்டுக்கு வரலாம். முந்திய ஆண்டு குருத்து ஞாயிறன்று (ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு) ஆசீர்வதித்த ஓலைகளை எரித்த சாம்பல் அது. நெற்றியில் சாம்பல் நமக்குப் புதிதல்ல என்பதால் சைவக் குடும்பங்கள் இதைப் பெரும்பாலும் இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றன. பூசிக்கொள்வது கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் முதல் நாளே வகுப்பாசிரியரிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள். வரிசையில் நிற்கும்போது பிள்ளையை முடிவெடுக்க விடாதீர்கள்.

பிள்ளையைப் பட்டினி போடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். திருச்சபைச் சட்டப்படி நோன்பு 18 முதல் 59 வயது வரையானவர்களுக்கு, அதுவும் விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டே நாள். இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்து. ஆனால் பள்ளிச் சமையலறை வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் மீன்தான் போடும். சில பள்ளிகள் தவக்கால வெள்ளிகளில் லஞ்ச் பாக்ஸிலும் இறைச்சி வேண்டாம் என்று கேட்கும். மீனுக்கும் முட்டைக்கும் பாலுக்கும் தடையில்லை. வியாழன் இரவு மிஞ்சிய கோழிக்கறியை மறுநாள் பாணுக்குள் வைத்து அனுப்பும் பழக்கத்தை மட்டும் ஆறு, ஏழு வாரம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் பள்ளி பணமும் திரட்டும். இங்கிலாந்து, வேல்ஸ் கத்தோலிக்க ஆயர்களின் உதவி நிறுவனமான காஃபோடுக்குத்தான் பெரும்பாலும் போகும். அட்டை உண்டியல் ஒன்று வீட்டுக்கு வரும். சில்லறை போட்டால் போதும். எவ்வளவு போட்டீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. போடாவிட்டாலும் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

பூசையில் என்ன செய்வது

தவணை முடிவில் பள்ளி முழுவதும் கோவிலுக்குப் போகும், அல்லது மண்டபத்தில் பூசை நடக்கும். பெற்றோரையும் அழைப்பார்கள், போனால் பிள்ளைக்குச் சந்தோஷம். பின்வரிசையில் இருந்து, மற்றவர்கள் எழும்பும்போது எழும்பினால் போதும். முழந்தாளிடத் தேவையில்லை.

ஒரே ஒரு விஷயத்தைப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வரிசை போகும்போது நம் பிள்ளைகள் கோவில் பிரசாதம் வாங்குகிற பழக்கத்தில் கையை நீட்டிவிடுவார்கள். நற்கருணை கத்தோலிக்கருக்கு உரியது, அதிலும் புதுநன்மை (முதன்முறை நற்கருணை பெறும் சடங்கு) எடுத்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இரண்டு கையையும் மார்பின் குறுக்கே வைத்து, விரல்கள் தோளைத் தொடுமாறு போனால் குருவானவர் ஆசீர்வாதம் கொடுப்பார். இருக்கையிலேயே இருந்தாலும் தவறில்லை. கண்ணாடி முன் ஒருமுறை செய்துகாட்டினால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பிடிபட்டுவிடும்.

சமய பாடத்திலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்குச் சட்ட உரிமை உண்டு. ஆனால் கத்தோலிக்கப் பள்ளியில் பாட நேரத்தில் பத்தில் ஒரு பங்கு சமய பாடம், அதன் சாயல் மற்ற நேரத்திலும் இருக்கும். முழுக்க விலக்கினால் பிள்ளை அடிக்கடி தனியாக இருக்கும். எது உங்களுக்கு ஒவ்வாதோ அதை மட்டும் தலைமை ஆசிரியரோடு இருந்து பேசுவது நல்லது.

வீட்டில் செய்து அனுப்பச் சொல்பவை

பெற்றோர் அதிகம் திணறுவது இங்கேதான். கடைசி இரண்டு வாரத்தில் ஈஸ்டர் தோட்டம், அலங்கரித்த முட்டை, தொப்பி, நாடக உடுப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். எதற்கும் கடையில் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஈஸ்டர் தோட்டம் என்பது இயேசுவின் கல்லறையைக் காட்டும் சிறு மாதிரி. ஏ4 தாள் அளவில், 5 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிளாஸ்ரிக் தட்டு எடுங்கள். சப்பாத்துப் பெட்டி என்றால் உள்ளே பொலித்தீன் விரியுங்கள்; இல்லாவிட்டால் ஈரம் ஊறி, பள்ளி வாசலிலேயே அடி கழன்றுவிடும். மண் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைதான் தூக்கப்போகிறது, ஈர மண்ணின் கனத்தைக் கடைசி நேரத்தில்தான் உணர்வோம். ஒரு மூலையில் சின்னப் பூச்சாடியைப் படுக்கவைத்து, மேலே மண் மூடி மேடாக்கினால் கல்லறைக் குகை. வாய்க்குப் பக்கத்தில் ஒரு தட்டையான கல். கல்லறை திறந்திருக்க வேண்டும், கல் உருட்டி விலகியிருக்க வேண்டும். கல்லால் வாயை மூடிவிட்டால் அது பெரிய வெள்ளிக் காட்சி, ஈஸ்டர் அல்ல. மேட்டின் மேல் குச்சிகளை நூலால் கட்டி மூன்று சிலுவை, நடுவில் உள்ளது சற்று உயரம். பசுமைக்கு கிரெஸ் என்ற சிறு கீரையின் விதை: நனைத்த பஞ்சில் தூவி யன்னலோரம் வைத்தால் ஏழு நாளில் விரலளவு நிற்கும். முதல் நாள் இரவு தூவினால் விதை மட்டும்தான் இருக்கும். மறந்துவிட்டால் தோட்டத்துப் பாசி போதும்.

முட்டை என்றால், வேறு சொல்லாதவரை அவித்த முட்டை. குளிர்ந்த தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிநீரில் நேரே போட்டால் ஓடு வெடிக்கும். கொதித்த பின் 10 நிமிடம். சாயத்துக்கு நம் சமையலறையே போதும்: இரண்டு கோப்பை தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேர்த்துக் கொதிக்கவைத்து, அதில் அரை மணி நேரம் ஊறினால் நல்ல மஞ்சள். வெங்காயத்தோல் செங்கபிலம் தரும். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. முதலில் வினாகிரியால் துடையுங்கள். ரொய்லற் ரோல் குழாயில் ஒரு வளையம் வெட்டி அதில் நிறுத்தினால் உருளாது. நாள்முழுக்க வகுப்பறையில் இருந்துவிட்டு வரும் முட்டையைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். வகுப்பில் முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் பிளாஸ்ரிக் முட்டைதான் கேட்பார்கள். அதை அப்படியே மதியுங்கள்.

இயேசுவின் துன்பத்தையும் மரணத்தையும் காட்டும் பாடுகளின் நாடகத்துக்குச் சாதாரண அங்கி கேட்டால் பழைய வேட்டியை எடுங்கள். நான்காக மடித்து, மடிப்பின் நடுவில் கழுத்து வெட்டி, இரு பக்கமும் தைத்து, இடுப்பில் கயிறு. கரை தெரிந்தால் உள்ளே மடித்துத் தையுங்கள். தலைக்கு ஒற்றை நிறத் துப்பட்டா. ஊசியால் குத்தி அனுப்ப வேண்டாம், தையல் போடுங்கள். உங்கள் பிள்ளைக்கு மரியாளாகவோ இயேசுவாகவோ நடிக்க இடம் கிடைத்தால் தயங்காதீர்கள். சமயம் பார்த்துப் பாத்திரம் கொடுப்பது வழக்கமில்லை.

சொக்லேற் முட்டை

ஒரு வெள்ளிக்கிழமை, சீருடைக்குப் பதில் சொந்த உடுப்பில் வந்து, அப்படி வரும் நாளில் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு பவுண்டுக்குப் பதிலாகப் பெட்டியில் உள்ள சொக்லேற் முட்டை ஒன்று கொண்டுவரச் சொல்வார்கள். அது பிள்ளை தின்பதற்கல்ல, குலுக்கலில் பரிசாக வைப்பதற்கு. இதைச் சொல்லாமல் அனுப்பினால் வழியிலேயே பெட்டி திறந்துவிடும். பள்ளிகள் பல கடலை, கச்சான், முந்திரி வகைகளை அனுமதிப்பதில்லை என்பதால் பெட்டியின் பின்புறம் படியுங்கள். சாராயம் கலந்த முட்டைகளும் கடையில் உண்டு; அலங்காரம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கடைசி நாள்

தவணையின் கடைசி நாளில் பல பள்ளிகள் 1.30 அல்லது 2 மணிக்கே விட்டுவிடும். ஆஃப்டர் ஸ்கூல் கிளப்பும் இருக்காது. இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் அரை நாள் லீவை இரண்டு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். வேறொருவர் கூட்டிவருவதானால் பெயரை எழுத்தில் கொடுக்க வேண்டும். பெரியம்மா என்று பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாலும் பட்டியலில் இல்லாதவரிடம் விட மாட்டார்கள். பெரிய பை ஒன்று கொடுத்துவிடுங்கள்: விளையாட்டு உடுப்பு, ஓவியங்கள், காய்ந்த தோட்டம் எல்லாம் அன்று வீட்டுக்கு வரும். ஆசிரியருக்குப் பரிசு தேவையில்லை. பிள்ளை கைப்பட எழுதிய அட்டை போதும்.

டிக்கெட் மலிவு என்று ஒரு வாரம் முந்திக் கொழும்புக்கோ சென்னைக்கோ புறப்படும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு பள்ளி நாள் இரண்டு வேளையாகப் பதியப்படும். அனுமதியில்லாமல் பத்துப் பள்ளி வாரத்துக்குள் 10 வேளை, அதாவது ஐந்து நாள், போனால் அபராதம் பற்றி முடிவெடுக்கும் எல்லை வந்துவிடும். 2024 ஆகஸ்ட் முதல் தொகை 80 பவுண்டு, அதுவும் 21 நாளுக்குள் கட்டினால். தவறினால் 28 நாளுக்குள் 160. இது பெற்றோர் ஒவ்வொருவருக்கும், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. தாய் தகப்பன் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் குறைந்தது 320 பவுண்டு. மூன்று ஆண்டுக்குள் இரண்டாம் முறை என்றால் நேரே 160. காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போக நினைக்காதீர்கள். திரும்பி வந்து வகுப்பில் அப்பம்மா வீட்டைப் பற்றிச் சொல்லத் துடிக்கிற பிள்ளையை வாயை மூடச் சொல்ல வேண்டிவரும்.

விடுமுறையில் மறக்கக் கூடாதவை

வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ‘ஹாஃப்’ (HAF) என்ற விடுமுறைத் திட்டம் உண்டு. ஈஸ்டரில் வழக்கமாக நான்கு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், விளையாட்டும் சாப்பாடும் இலவசம். வருமான அடிப்படையில் இலவச உணவு பெறுபவர்களுக்கே முக்கியமாக இது. இங்கே பலர் தவறவிடுவது: ரிசெப்ஷன் (பள்ளியின் முதல் வகுப்பு), இயர் 1, இயர் 2 பிள்ளைகளுக்கு எப்படியும் மதிய உணவு இலவசம் என்பதால் தனியாக விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பித்திருந்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும். அரசு உதவிப் பணம் பெறத் தடையுள்ள விசாக்காரரும் வருமானம் குறைவாயின் இலவச உணவுக்குக் கேட்கலாம். பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செப்டம்பரில் ரிசெப்ஷன் தொடங்கும் தம்பி தங்கைக்கு எந்தப் பள்ளி என்ற முடிவு ஏப்ரல் 16 அன்று, அல்லது அடுத்த வேலை நாளில் வரும். அது விடுமுறைக்குள் விழலாம். ஊரில் இருந்தாலும் மின்னஞ்சலைப் பார்த்து, குறித்த தேதிக்குள் இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வேலை கூடுதலாக உண்டு. இயர் 3 பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மே, ஜூனில் புதுநன்மை. அதற்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுவது). ஞானஸ்நான அத்தாட்சி ஊரில் இருந்தால் இப்போதே எடுப்பியுங்கள், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு. தமிழ்ப் பூசைக்கு மட்டும் போகிறவர்களை உள்ளூர்ப் பங்குக் குருவானவருக்குத் தெரியாது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டுப் போகும்போதுதான் அது உறைக்கும். குருத்து ஞாயிறன்று உள்ளூர்க் கோவிலுக்குப் போங்கள். பூசை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சொல்லுங்கள்.