குடியேறியின் பண்ணை வீடும் கொட்டகையும்: வரலாற்றைத் தேடும் முறை

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பல பண்ணைகளில் பழைய வீட்டை ஒட்டி ஒரு பெரிய மரக்கொட்டகை நிற்கும். கீழே கால்நடைகளும் மேலே வைக்கோலும் இருந்த கட்டடம் அது. கொள்ளுத்தாத்தா குடியேறியபோதே கட்டியது என்று உரிமையாளர் பெருமையுடன் சொல்வார். பெரும்பாலும் அந்தத் தேதி பொருந்தாது. குடியேறிய குடும்பம் முதலில் எழுப்பியது ஒரு சிறு வீட்டையும் ஒரு தொழுவத்தையும்தான். பெரிய கொட்டகை, விளைச்சலும் கடனும் ரயிலில் வந்திறங்கும் பலகையும் கைகூடிய பிறகே வந்தது. ஆகவே நிலம், வீடு, கொட்டகை ஆகிய மூன்றின் வரலாற்றையும் தனித்தனியே தேட வேண்டும்; தேடலை ஆவணத்தில் தொடங்கிக் கட்டடத்தில் முடிப்பது நல்லது.

முதலில் தேவைப்படுவது நிலத்தின் சட்ட விவரம். அரசு அளவையில் ஒரு டவுன்ஷிப் என்பது பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரம். அது தலா 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்களாகப் பிரிக்கப்பட்டது. 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடியேறிக்கு 160 ஏக்கர் வரை, அதாவது ஒரு செக்‌ஷனில் கால் பங்கு வரை, வழங்கியது. ஐந்தாண்டு அங்கே குடியிருந்து பயிரிட வேண்டும். கட்டணம் மொத்தம் 18 டாலர். செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் (டவுன்ஷிப்பின் கிழக்கு-மேற்கு இடத்தைக் குறிப்பது) எண்களைக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) வரி ரசீதிலோ கிரயப் பத்திரத்திலோ காணலாம். அவை கைக்கு வந்ததும் அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் இணையதளத்தில் முதல் பட்டாவைக் கட்டணமின்றித் தேடலாம்.

பட்டாவோடு நின்றுவிடக் கூடாது. அதில் பெயரும் தேதியும் எல்லையும் தவிர வேறு அதிகம் இருக்காது. அதில் உள்ள சான்றிதழ் எண்ணையும் நில அலுவலகத்தின் பெயரையும் குறிப்பிட்டு, வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அந்த நிலத்தின் கோப்பை வரவழைக்க வேண்டும். மனு, சாட்சிகளின் வாக்குமூலம், வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைக் காகிதம் ஆகியவை அதற்குள் இருக்கும். இவற்றுள் வாக்குமூலமே நமக்குப் பெரும் புதையல்.

இதற்கு டேனியல் ஃப்ரீமேன் கோப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. நெப்ராஸ்காவின் பிரவுன்வில் நில அலுவலகத்தில், சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே பதிவு செய்தவர் அவர். பியாட்ரிஸ் நகருக்கு அருகே அவர் பெற்ற நிலம் இன்று ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவாக உள்ளது. 1868இல் அவருடைய சாட்சிகள் இருவர் அளித்த வாக்குமூலம், ஏறத்தாழ 35 ஏக்கர் உழுது வேலியிட்டுப் பயிரிடப்பட்டிருப்பதைச் சொல்கிறது. பாதி மரக்கட்டையும் பாதி பலகைச் சட்டமுமாக 14 அடிக்கு 20 அடி அளவில் ஒரு வீடு, இரண்டு கதவு, இரண்டு சன்னல், ஒரு தொழுவம், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, சோளக்கூடு, 40 ஆப்பிள் மரம், ஏறத்தாழ 400 பீச் மரம் என்று பட்டியல் நீள்கிறது. சன்னலைக்கூட எண்ணிச் சொன்னவர்கள், பெரிய வைக்கோல் கொட்டகை ஒன்று நின்றிருந்தால் அதை விட்டிருப்பார்களா? இத்தகைய பட்டியலில் என்ன இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்; அதில் காணாத கட்டடம் பிற்காலத்தது என்று ஓரளவு உறுதியுடன் கொள்ளலாம்.

இணையத்தில் பட்டா கிடைக்கவில்லை என்றால் அந்த நிலத்துக்கு முந்தைய கதையே இல்லை என்று பொருளல்ல. பட்டா பெறுமுன் கைவிட்டுப் போனவர்களின் மனுக்கள் நில அலுவலகத்தின் டிராக்ட் பேரேடுகளில்தான் (ஒவ்வொரு நிலத்துக்கும் வந்த மனுக்களைப் பதிந்த ஏடுகள்) தெரியும். நீங்கள் தேடும் குடும்பம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்திருக்கலாம். அதற்கும் முன்னால் அது வேறொரு மக்களின் மண். ‘ஆளற்ற புல்வெளி’ என்று எழுதிவிடக் கூடாது. பியாட்ரிஸ் பகுதி ஓட்டோ-மிசூரியா மக்களுடையது. 1854 உடன்படிக்கைக்குப் பின் பிக் புளூ ஆற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஒடுங்கிய அவர்கள், 1881இல் இன்றைய ஓக்லஹோமாவுக்குச் செல்ல நேர்ந்தது.

பட்டாவுக்குப் பிந்தைய காலத்துக்குக் கவுண்டி அலுவலகமே துணை. அடமானப் பதிவேட்டைக் கட்டாயம் புரட்டுங்கள். பட்டா கிடைத்த பின்னரே நிலத்தை ஈடுவைத்துக் கடன் பெறுவது எளிதானது என்பதால், கட்டடம் எழுந்த ஆண்டை ஒரு வில்லங்கப் பதிவு காட்டிக்கொடுப்பதுண்டு. வரிப்பட்டியலில் மதிப்பு திடீரென உயர்ந்த ஆண்டும் அப்படியே. 1870, 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் வேளாண் பட்டியல்களில் மாடு, குதிரை, தானியம் என்று பண்ணைவாரியாகக் கணக்கு உண்டு. 1890 குடும்பப் பட்டியல்களோ 1921 தீ விபத்துக்குப் பின் பெரும்பாலும் இல்லாமற்போயின. கவுண்டி வரைபட நூல்களில் காணும் அழகிய பண்ணைச் சித்திரங்களைச் சற்று ஐயத்துடன் பாருங்கள். அவை பெரும்பாலும் பண்ணைக்காரரே பணம் கொடுத்து இடம்பெறச் செய்தவை. 1930களில் தொடங்கிய வேளாண் துறையின் வான்படங்கள் அப்படிப் புகழ்வதில்லை.

இனிக் கட்டடத்துக்குள் செல்லலாம், உரிமையாளரின் அனுமதியுடன். ஆணிகளைப் பாருங்கள். நீள்சதுரக் குறுக்குவெட்டுடைய வெட்டு ஆணிகள் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்குரியவை. உருண்டையான கம்பி ஆணிகள் 1890 வாக்கில் பரவலாயின. ஆனால் ஓரிரு ஆணியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பழுதுபார்த்த இடங்களைத் தவிர்த்து, முக்கிய மரச்சட்டங்களில் பல இடங்களில் பார்க்க வேண்டும். உத்திரத்தில் கோடரித் தழும்பு இருந்தால் கையால் செதுக்கியது. வளைந்த கோடுகள் இருந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்தது. எதுவும் பொருந்தாத வெறும் துளைகள் ஓர் உத்திரத்தில் தெரிந்தால், அது வேறொரு கட்டடத்திலிருந்து கழற்றி வந்தது என்று ஐயுறுங்கள்; மரம் அரிதான புல்வெளியில் எவரும் நல்ல உத்திரத்தை எறிந்துவிடவில்லை. கூரை முகட்டின் கீழ் ஓடும் வைக்கோல் ஏற்றும் தண்டவாளத்தையும் தேடுங்கள். அயோவாவின் ஃபேர்ஃபீல்டைச் சேர்ந்த வில்லியம் லவுடன் 1867இல் வைக்கோல் ஏற்றும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளம் கட்டடத்தோடு சேர்ந்தே வந்ததா, பின்னர் பொருத்தப்பட்டதா என்பதை முகட்டுச் சட்டங்களே சொல்லிவிடும்.

மர வளையங்களை எண்ணி ஆண்டைக் கணிக்கும் ஆய்வைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். உத்திரத்தின் ஓரத்தில் பட்டை ஒட்டியிருந்தால்தான் மரம் வெட்டப்பட்ட ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடியும். அறுத்த பலகையில் அந்த ஓரம் பெரும்பாலும் போய்விடும். மேலும் புல்வெளிப் பண்ணைகளின் பலகைகளில் பல மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளிலிருந்து வந்தவை என்பதால், உள்ளூர் மரங்களின் வளைய வரிசையோடு அவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை. மரம் வளர்ந்த வட்டாரத்தின் வரிசை தேவை. மாதிரிக்குத் துளையிடச் சொல்வதற்கு முன் பட்டையோடு உள்ள உத்திரம் ஏதேனும் உண்டா என்று டார்ச் விளக்கின் ஒளியில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.