போர்க்களக் கார்ட்டூனில் பயத்தைப் படிக்கும் முறை

முதல் வேலை, படத்துக்குக் கீழே இருக்கும் வசனத்தைக் கையால் மறைப்பது. சிப்பாய்கள் வரைந்த கார்ட்டூன்களில் சிரிப்பு பெரும்பாலும் வசனத்தில் இருக்கும், பயம் படத்தில் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் சிரிப்பு முந்திக்கொள்ளும்.

முதல் உலகப் போரில் களத்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதரின் புகழ்பெற்ற படத்தில் இதைச் செய்து பாருங்கள். 1915 நவம்பரில் லண்டனின் 'பைஸ்டாண்டர்' இதழில் வந்தது. ஷெல் (பீரங்கிக் குண்டு) விழுந்த பள்ளத்தில் இரண்டு சிப்பாய்கள், சுற்றிலும் வெடிப்பு. இதைவிட நல்ல குழி தெரிந்தால் அங்கே போய்க்கொள் என்கிறான் ஒருவன். வசனத்தை மறைத்துவிட்டால் மிஞ்சுவது தலையும் தோளும் மட்டும் வெளியே தெரியும் இரண்டு மனிதர்கள். ஓடுவதற்கு எந்தப் பக்கமும் இடமில்லை. இப்போது வசனத்தைத் திறங்கள். "போக இடமில்லை" என்பதைத்தான் அதுவும் சொல்கிறது, எரிச்சலான குரலில்.

அடுத்து மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வரைந்தவர் எங்கே இருந்தார், படம் எப்போது வெளிவந்தது, அதற்கு முன் அவருக்கு என்ன நேர்ந்தது. பேர்ன்ஸ்ஃபாதர் அதே ஆண்டு ஏப்ரலில், பெல்ஜியத்தில் நடந்த இரண்டாம் ஈப்ர் சண்டையில், ஷெல் வெடித்துக் காது பாதிக்கப்பட்டு, 'ஷெல் ஷாக்' எனப்பட்ட போர் அதிர்ச்சியுடன் மருத்துவமனைக்குப் போனவர். இந்த விவரங்களைப் பார்க்காமல் பலர் பிரசாரப் படத்தையும் சிப்பாயின் படத்தையும் ஒன்றாக்கித் தடுக்கி விழுகிறார்கள். டச்சு ஓவியர் லூயி ரேமேக்கர்ஸ் ஜெர்மானியரை அரக்கராக வரைந்தார். அவை பிரசாரப் படங்கள், பதுங்குகுழியிலிருந்து வந்தவை அல்ல. சிப்பாயின் படத்தில் எதிரி அபூர்வமாகவே தலைகாட்டுவான். சேறு, மழை, எலி, ரேஷன், மேலதிகாரி, இவைதான் அங்கே வில்லன்கள். சாவைப் பெயர் சொல்லாமல் அதைச் சுற்றிச் சுற்றி வருவதற்கான பாதைகள் அவை.

ஒரே படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒருவருடைய முப்பது படங்களையாவது தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: கண் எங்கே பார்க்கிறது, தோள் எப்படி இருக்கிறது, கேலி யாரை நோக்கி, வானத்துக்கு எவ்வளவு இடம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் பில் மால்டின் வரைந்த கார்ட்டூன் சிப்பாய்கள் வில்லி, ஜோ இருவரையும் இப்படி அடுக்கினால் மாற்றம் கண்ணில் அடிக்கும். பயிற்சி முகாமில் மழித்த முகத்தோடு இருந்தவர்கள், இத்தாலிச் சண்டையில் இறங்கிய பிறகு தாடியும் தொங்கிய இமையுமாக வருகிறார்கள். கோடும் கறுப்பும் தடித்துவிடுகின்றன. மாற்றம் தெரியும் மாதத்தில் அந்தப் படைப்பிரிவு எங்கே இருந்தது என்று அது அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்பில் பாருங்கள்.

படத்தில் இல்லாதவற்றையும் கணக்கில் எடுங்கள். மால்டின் வரைந்த 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' அமெரிக்க ராணுவத்தின் சொந்தப் பத்திரிகை. அவருடைய அழுக்குச் சிப்பாய்களைக் கண்டு 1945-இல் அமெரிக்க ஜெனரல் பேட்டன் கோபப்பட்டார். தாடிக்கே இவ்வளவு என்றால், பிணம் எப்படி அச்சேறும்? ஆகவே அச்சானவற்றையும் ஒளித்து வைத்தவற்றையும் தனித்தனிக் குவியலாகப் பிரியுங்கள். அதே போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த பிரிட்டிஷ் ஓவியர் ரொனால்ட் சியர்ல் தன் படங்களைக் காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் மறைத்தார், காவலர்கள் அங்கே நெருங்க அஞ்சியதால். அந்தப் படங்களுக்குப் பத்திரிகை ஆசிரியர் இல்லை, தணிக்கை இல்லை. நோயும் சாவும் நேராகவே இருக்கின்றன. இவற்றைப் பக்கத்தில் வைத்தால்தான் அச்சான கேலி எதை விழுங்கியது என்று தெரியும்.

பிழைகளில் மோசமானது, ஓவியருக்கு வைத்தியம் பார்ப்பது. வெறித்த கண்ணை வரைந்தவர் மனநோயாளி என்று எழுதிவிடக் கூடாது. பக்கத்தில் இருந்தவனின் கண்ணாகவும் அது இருக்கலாம். அதே அளவு தவறு, "சிரித்ததால் தாங்கிக்கொண்டார்கள்" என்ற வழக்கமான முடிவு. யார் தாங்கினார், யார் தாங்கவில்லை என்பதைக் கடிதங்களிலும் மருத்துவப் பதிவுகளிலும்தான் தேட வேண்டும்.

பிற்காலத் தொகுப்புகளில் தேதி விடுபடும், ஓரம் வெட்டுப்படும், வசனம் மாறும். கூடுமானவரை முதலில் வந்த இதழின் பக்கத்தையே பாருங்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் சியர்லின் படங்களை வைத்திருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம்.