பாழடைந்த ஆலைக்குப் போகுமுன் பழைய வரைபடத்தைப் பாருங்கள்

பிரிட்டனில் கைவிடப்பட்ட ஆலை, பாழடைந்த கிராமத்து மாளிகை என்று பார்க்கக் கிளம்பும் முன், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் அந்த இடத்தின் 25 அங்குல ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனம்) பழைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இலவசம்தான். ஒரு மைல் தூரத்தைத் தாளில் சுமார் 25 அங்குலமாக வரைந்திருப்பதால் ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகத் தெரியும். 'டபிள்யூ' என்ற எழுத்து இருந்தால் அங்கே கிணறு. இன்று அதை முட்புதர் மூடியிருக்கலாம், அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைபடத்தைப் போட்டு மங்கலாக்கினால், ஆலையிலிருந்து மாளிகைக்குப் போன பழைய பாதைகூடப் பிடிபடும்.

1960-களுக்குப் பின் கட்டிய ஆலைகளுக்கு இது உதவாது. வெடிமருந்து ஆலை போன்றவற்றைப் பாதுகாப்புக்காக வரையாமலே விட்டதும் உண்டு. அப்புறம், உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.