குமரி முதல் லடாக் வரை: டூயல் ஸ்போர்ட் பைக் தேர்ந்தெடுப்பது எப்படி?

கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 பெரும்பாலும் நல்ல நான்குவழிச் சாலைதான். கரடுமுரடெல்லாம் லடாக் பக்கம் திரும்பிய பிறகு. ஆகவே தார்ச்சாலை, கரடுமுரடுப் பாதை இரண்டிலும் ஓடும் டூயல் ஸ்போர்ட் பைக் வாங்கும்போது சி.சி.யை (எஞ்சின் அளவை) கடைசியில் பாருங்கள். கால் எட்டுகிறதா, விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்க முடிகிறதா, ஒரு டேங்க் எவ்வளவு தூரம் ஓடும் என்பவைதான் முதலில்.

படி 1: உயரம்
ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி இரண்டுக்கும் சீட் உயரம் 825 மி.மீ.; சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸுக்கு 835. பயணத்துக்குப் போடப்போகும் ஷூவோடு ஷோரூம் போங்கள். உட்கார்ந்தால் இரண்டு முன்பாதமும் தரையில் அழுந்த வேண்டும். விரல்நுனி மட்டும் தொட்டால், சரிவில் நிறுத்தும்போது வண்டி சாய்ந்துவிடும்.

படி 2: எடை
எக்ஸ்பல்ஸ் சுமார் 160 கிலோ, ஹிமாலயன் 196. இதோடு பைகள் 20 கிலோவாவது வரும். தெரிந்தவர் வண்டி கிடைத்தால் புல்தரையில் மெதுவாகச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். வலப்பக்கம் விழுந்தால் முதலில் இக்னிஷனை அணைத்து, சைடு ஸ்டாண்டை இறக்கி, கியரில் போடவும். இல்லையென்றால் நிமிர்த்தியதும் மறுபக்கம் கவிழும். சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, முதுகைக் காட்டி நின்று, காலால் பின்னோக்கித் தள்ளி எழுப்புங்கள். குனிந்து கையால் இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

படி 3: பெட்ரோல்
லடாக் போகும் மணாலி–லே பாதையில் தாண்டி என்ற ஊரிலிருந்து லே சுமார் 365 கி.மீ. நடுவில் பம்ப் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சுமையோடு மலையேறும்போது ஹிமாலயனுக்கு லிட்டருக்கு 25 கி.மீ., மற்ற இரண்டுக்கும் 30 கி.மீ. என்று வைத்துக்கொண்டால்:

ஹிமாலயன் (17 லிட்டர்): 425 கி.மீ.
எக்ஸ்பல்ஸ் (13 லிட்டர்): 390 கி.மீ.
வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் (12 லிட்டர்): 360 கி.மீ.

360 போதாது, 390-இலும் மிச்சம் குறைவு. அதனால் கடைசி இரண்டுக்கும் 5 லிட்டர் கேன் கட்டாயம்.

படி 4: டயர்
21 அங்குல முன்சக்கரம் குழியில் சிக்காமல் ஏறும். ஸ்போக் சக்கரத்தில் டியூப் இருந்தால் இரண்டு டயர் லீவர், பம்ப், ஒரு 21 அங்குல டியூப் எடுத்துக்கொள்ளவும். அவசரத்துக்கு அதையே பின்சக்கரத்திலும் திணித்து ஓட்டலாம். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பஞ்சர் கடையில் ஒருமுறை கூட இருந்து கழற்றப் பழகுங்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள்: இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும்.

படி 5: ஓட்டிப் பார்த்தல்
இதற்கு நம் குமரி மாவட்டத்தை விட நல்ல இடம் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கக்காற்று பலமாக அடிக்கும். பைகளைக் கட்டி 80-இல் போங்கள். ஹேண்டில் நடுங்கினால் சுமை பின்னால் தள்ளியோ உயரமாகவோ இருக்கிறது என்று அர்த்தம். கனமான சாமான் சீட்டை ஒட்டி, தாழ்வாக வர வேண்டும். அப்படியே பேச்சிப்பாறை பக்கம் மழை நனைந்த ரப்பர்த் தோட்டச் சாலைகளில் முதல் கியரில் ஏறி இறங்குங்கள். க்ளட்ச் கையை வலிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

புது வண்டி என்றால் புறப்படும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். முதல் சர்வீஸ் முடிய வேண்டும், புதுச் செயினும் ஆரம்பத்தில்தான் அதிகம் தளரும். செயின் தளர்வை, பைகளைக் கட்டி ஆள் உட்கார்ந்த நிலையிலும் சரிபாருங்கள். சுமையில் பின்பக்கம் இறங்கும்போது செயின் இறுகும், விறைப்பாக விட்டால் ஸ்ப்ராக்கெட் பேரிங் போய்விடும்.